எச்சரிக்கையும் ஓர் அமானிதம்

சென்ற மாதம் ஒரு ஜும்ஆத் தொழுகைக்குப் பின் வேப்பந்தட்டையில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். உறவு முறையில் என்னை மாமு என்றழைக்கும் இளைஞர் ஒருவர் வந்து ஸலாம் சொல்லி அமர்ந்தார். வெகு நேரம் அவர் வாய் திறக்கவில்லை. சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் அவருக்கு உத்தியோகம். மாதத்தில் சில நாட்கள் சென்னைக்குப் போய் வருவார். மற்ற நாட்களில் கம்பெனி கொடுத்த மடிக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை. கொரோனாக் காலத்துக்குப் பிறகு நம் பக்கத்திலும் இப்படிப்பட்ட பிள்ளைகள் பெருகிவிட்டார்கள்.

"மாமு, ஒரு மஸ்அலா கேக்கணும். கேட்டுட்டுச் சிரிக்கக் கூடாது" என்றார்.

விஷயம் இதுதான். அவருடைய தங்கை கல்லூரியில் படிக்கிற பிள்ளை. ஓர் இரவு, அண்ணன் இஷாத் தொழப் போயிருந்த நேரத்தில், திறந்தபடி கிடந்த கம்பெனி கம்ப்யூட்டரில் தன் பென் டிரைவைச் செருகி, கல்லூரியில் கொடுக்க வேண்டிய கட்டுரையைத் திருத்தியிருக்கிறாள். திரையின் வலது மூலையில் ஓர் அறிவிப்பு வந்தது. ஆபத்தான கோப்பு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டதாகவும், அது தனிமைப்படுத்தப்பட்டுவிட்டதாகவும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பயந்துபோன பிள்ளை அதை மூடிவிட்டு, பென் டிரைவையும் பிடுங்கிக்கொண்டு படுக்கப் போய்விட்டாள். இரவெல்லாம் தூக்கமில்லை. ஸுப்ஹுக்கு எழுந்ததும் அண்ணனிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

"வைரஸை அதுவே பிடிச்சிடுச்சு மாமு. நஷ்டம் ஒண்ணும் இல்ல. அப்புறம் எதுக்கு ஆபீஸ்ல சொல்லணும்? அவங்களாக் கேட்டா, எப்படி வந்துச்சுன்னு தெரியலன்னு சொல்லிடலாமா? வேற யாரும் அந்த கம்ப்யூட்டரைத் தொடக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன். வேலைக்கே ஆபத்து. தங்கச்சியைக் காட்டிக் கொடுக்கறதும் பாவமில்லையா?"

நான் சிரிக்கவில்லை. இந்தக் கேள்வி நம்முடைய எத்தனை வீடுகளில் கேட்கப்படாமலே கிடக்கிறதோ என்றுதான் தோன்றியது. சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து சம்பாதிக்கும் பிள்ளைகள் நம்முடையவர்கள். அவர்கள் வீட்டுக்குக் கொண்டுவரும் அந்தக் கருவியைச் சுற்றித்தான் மனைவியும் மக்களும் நடமாடுகிறார்கள்.

முதலில் அந்த எச்சரிக்கை என்னவென்று விளங்கிக்கொள்வோம். வைரஸ் தடுப்பு மென்பொருள் என்பது ஒரு காவல்காரன். தெரிந்த திருடர்களின் அடையாளக் குறிப்புகள் அடங்கிய பெரிய பட்டியல் ஒன்று அவன் கையில் இருக்கிறது. உள்ளே வரும் ஒவ்வொரு கோப்பையும் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறான். பட்டியலில் இல்லாத புதியவன் வந்தால் நடத்தையைப் பார்த்துச் சந்தேகிக்கிறான். சந்தேகப்பட்டதை உடனே அழிப்பதில்லை; பெரும்பாலும் ஒரு பூட்டிய அறையில் போட்டு வைக்கிறான். அதைத்தான் தனிமைப்படுத்தல் என்கிறார்கள். கொள்ளை நோய் கண்ட ஊருக்குள் போகாமலும், அதற்குள் இருப்பவர் வெளியேறாமலும் இருக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் இட்ட கட்டளையை அறிந்திருக்கும் நமக்கு இந்த ஏற்பாடு அந்நியமானதன்று.

நம் சொந்தக் கம்ப்யூட்டரில் இந்தக் காவல்காரன் நமக்கு வேலைக்காரன். கம்பெனி கொடுத்த கம்ப்யூட்டரிலோ அவன் கம்பெனியின் ஆள். அந்த மென்பொருளைத் திறந்து பார்த்தால், இது உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது என்ற கருத்தில் ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அதனால்தான் சில பொத்தான்கள் மங்கிப்போய், நாம் அழுத்தினாலும் அசையாமல் கிடக்கின்றன. பூட்டிய அறையின் சாவி நம்மிடம் இல்லை. நம் திரையில் தோன்றிய அதே செய்தி, பெரும்பாலான கம்பெனிகளில், தலைமையிடத்திலுள்ள நிர்வாகியின் திரைக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆகவே, "சொல்லாமல் விட்டால் தெரியாது" என்று அந்தத் தம்பி நினைத்ததே முதலில் சரியில்லை. ஆனால் அவர்களுக்கு எப்படியும் தெரியும் என்பதற்காக நாம் சொல்வதென்றால் அது போலீஸுக்குப் பயந்து செய்யும் காரியமாகிவிடும். மார்க்கத்தின் பார்வை அதுவல்ல.

மேய்ப்பாளரைப் பற்றிய ஹதீஸை அறியாத முஸ்லிம் வீடு இருக்க முடியாது. ஆட்சித் தலைவர், குடும்பத் தலைவர், இல்லத்தரசி என்று சொல்லிக்கொண்டு வரும்போது, எஜமானரின் பொருளில் பணியாளரும் பொறுப்பாளர் என்பது அதில் சேர்ந்து வருகிறது. மிம்பரில் இதைக் கேட்கும்போது தகப்பன் பங்கையும் தாய் பங்கையும் நினைத்துக்கொள்கிறோம். பணியாளரின் பங்கு காதில் விழாமல் போய்விடுகிறது.

ஃபிக்ஹு நூல்களில் சம்பளத்துக்கு வேலை செய்பவரை அமீன், அதாவது நம்பி ஒப்படைக்கப்பட்டவர் என்ற இடத்தில் வைத்திருக்கிறார்கள். அவர் கையிலுள்ள பொருளுக்கு அவருடைய குற்றமில்லாமல் சேதம் வந்தால் ஈடு கொடுக்க வேண்டியதில்லை. வரம்பு மீறினாலோ, கவனக் குறைவாக இருந்தாலோதான் பொறுப்பு வருகிறது. (இரவல் வாங்கிய பொருளின் சட்டம் வேறு. அது கெட்டுப்போனால் ஈடு உண்டா என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் கம்பெனி கம்ப்யூட்டர் நாம் கேட்டு வாங்கிய இரவலன்று. கம்பெனி தன் வேலைக்காக நம்மிடம் வைத்திருப்பது.) இதிலிருந்து ஒரு நிம்மதி கிடைக்கிறது. வைரஸ் வந்ததே ஒரு பாவமன்று. ஒழுங்காக வேலை செய்யும் மனிதரின் கம்ப்யூட்டரிலும் அது வரும்.

பென் டிரைவைச் செருகும்படி கம்ப்யூட்டரைத் திறந்து போட்டது கவனக் குறைவு. அதற்கு அவர் பொறுப்பு. என் அபிப்பிராயத்தில் அதைவிடப் பெரியது அடுத்த காரியம்: வந்த எச்சரிக்கையை மூடி வைப்பது. ஏனெனில் கம்ப்யூட்டர் கம்பெனியின் பொருள் என்றால், அதில் அடிக்கும் மணியும் கம்பெனியின் பொருளே. அது நம் வீட்டில் ஒலித்தது, அவ்வளவுதான். அடுத்த வீட்டுக்கு வந்த தந்தியைத் தபால்காரர் நம் கையில் கொடுத்துவிட்டுப் போனால், "இதில் பெரிதாக ஒன்றும் இருக்காது" என்று நாமே முடிவு செய்து கிழித்துப் போடலாமா? தந்தி சேவை 2013ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று; உதாரணம் மட்டும் நிற்கிறது.

"அதுதான் பிடித்துவிட்டதே" என்ற வாதத்துக்கு வருவோம். 2018ஆம் ஆண்டு நம் பெரம்பலூர், அரியலூர்ச் சீமையில் மக்காச்சோளத்தைப் படைப்புழு அழித்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அந்தப் புழு குருத்துக்குள்ளே ஒளிந்திருக்கும். வெளியே தெரிவது இலையில் ஓட்டையும், மரத்தூள் போல அதன் எச்சமும் மட்டுமே. ஒரு செடியில் ஒரு புழுவைப் பிடித்து நசுக்கிவிட்டு, "தீர்ந்தது" என்று வீட்டுக்குப் போன சம்சாரி உண்டா? தாய் அந்துப்பூச்சி குவியலாக முட்டையிடும் ஜாதி. ஒன்று கண்ணில் பட்டால் மற்றவை பக்கத்தில் இருக்கும் என்றுதான் அர்த்தம். கண்டவர் பக்கத்து நிலத்துக்காரரிடம் சொன்ன இடங்களில் கொஞ்சம் தப்பியது. கம்ப்யூட்டரிலும் அப்படியே. பிடிபட்டது ஒரு கோப்பு. அது எந்த வழியாக வந்தது, அதே வழியில் வேறென்ன நுழைந்தது, பிடிபடுவதற்கு முன் ஏதாவது செய்ததா, இன்னொருவர் கம்ப்யூட்டரிலும் இருக்கிறதா என்பதெல்லாம் பிடிபட்ட அறிவிப்பில் இராது. அதைத் தேட வேண்டியவர் நிர்வாகி. அவருக்கு நம் வாய் வேண்டும்.

அயர்லாந்து நாட்டு அரசு சுகாதாரத் துறையில் நடந்ததை அறிந்தால் இது இன்னும் தெளிவாகும். 2021 மார்ச் 18 அன்று ஒரு சிப்பந்தி மின்னஞ்சலில் வந்த எக்ஸெல் தாள் ஒன்றைத் திறந்தார். அதில் விஷம் இருந்தது. மார்ச் 31 அன்று அவருடைய கம்ப்யூட்டரிலிருந்த வைரஸ் தடுப்பு மென்பொருள் திருடர்களின் கருவிகள் இரண்டைக் கண்டுகொண்டது. ஆனால் அது கண்காணிக்க மட்டுமே அமைக்கப்பட்டிருந்தது. தடுக்கும் அதிகாரம் அதற்குக் கொடுக்கப்படவில்லை. காவல்காரன் கண்டான், குறித்து வைத்தான், கதவோ திறந்தே கிடந்தது. குறிப்பைப் பார்த்து நடவடிக்கை எடுப்பார் இல்லை. மே 13 அன்று அந்த மென்பொருள் கம்பெனியே கடிதம் எழுதி, 16 கம்ப்யூட்டர்களிலாவது கவனிக்கப்படாத ஆபத்துகள் மே 7 முதலே நிற்கின்றன என்று தெரிவித்தது. சர்வர்களை ஒரு முறை நிறுத்தி மறுபடி இயக்கச் சொன்னார்கள். மே 14 விடியற்காலை, பணயத் தொகை கேட்கும் கும்பல் கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டது. நாடு முழுவதும் ஆஸ்பத்திரிகள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் காகிதமும் பேனாவும் எடுத்தன. நோயாளிகளுக்குக் கொடுத்திருந்த தேதிகள் ரத்தாயின. ஆறு வாரத்துக்கு மேல் மணி அடித்திருக்கிறது! அந்தத் தாளைத் திறந்த சிப்பந்தியைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. மணியைக் கேட்கும் வேலைக்கென்றே அமர்த்தப்பட்டவர்கள் பதில் சொல்ல வேண்டிய விஷயம் அது.

அப்படியானால் வரும் எச்சரிக்கை எல்லாம் உண்மையா? இல்லை. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி என்ற புகழ்பெற்ற கம்பெனியின் வைரஸ் தடுப்பு மென்பொருள், விண்டோஸ் எக்ஸ்பியின் உயிர்நாடியான ஒரு கோப்பையே வைரஸ் என்று தவறாக எண்ணிப் பிடித்துவிட்டது. பல நாடுகளில் அலுவலகக் கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப அணைந்து எரிந்தன. வீட்டுக்காரனையே திருடனென்று கட்டிப்போட்ட காவல்காரன்!

ஒருவர் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரித்துக்கொள்ளும்படி ஸூரா ஹுஜுராத்தில் அல்லாஹு தஆலா நமக்குக் கற்றுத் தருகிறான். அங்கே சொல்லப்படுவது ஃபாஸிக்கானவர் கொண்டுவரும் செய்தி. மென்பொருள் ஃபாஸிக்குமன்று, ஆதிலுமன்று, வாயில்லாத மணி. ஆயினும் விசாரிக்க வேண்டும் என்ற பாடம் இங்கும் பொருந்தும். யார் விசாரிப்பது? அதற்குரிய அறிவும் அதிகாரமும் உள்ளவர். நாமே நீதிபதியாகி, "இது பொய் எச்சரிக்கை" என்று தள்ளுவதும் விசாரணையன்று. "இது உண்மை" என்று பதறி, கண்டதையெல்லாம் அழித்து, எங்கிருந்தோ இன்னொரு மென்பொருளை இறக்கிப் போடுவதும் விசாரணையன்று. இரண்டாவது செய்பவர் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார். ஆனால் தடயங்கள் அதோடு போய்விடும்.

இங்கே வீட்டிலிருக்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. எச்சரிக்கை வேஷம் போட்டுக்கொண்டு வரும் திருடனும் உண்டு. இன்டர்நெட்டில் ஏதோ பக்கத்தைப் பார்க்கும்போது திரை முழுவதும் சிவந்து, அபாயச் சங்கு ஊதி, "கம்ப்யூட்டரை அணைக்காதே, இந்த நம்பருக்கு உடனே போன் செய்" என்று மிரட்டும். மைக்ரோஸாஃப்ட்டின் எச்சரிக்கைகளில் டெலிபோன் நம்பர் ஒருபோதும் இராது என்று அந்தக் கம்பெனியே அறிவித்திருக்கிறது. காவல்காரன் மணிதான் அடிப்பான்; நம்மிடம் காசு கேட்க மாட்டான். அந்த நம்பருக்குப் போன் செய்யாமல், பார்த்ததை அப்படியே போட்டோ எடுத்து, கம்ப்யூட்டருக்குரிய பிள்ளையிடம் காட்டினால் போதும்.

அந்தத் தம்பி இடையில் ஒரு கேள்வி போட்டார். "நம்ம திரையில வர்றது அவங்களுக்குத் தெரியுதுன்னா, அது துருவித் துருவிப் பாக்கறது இல்லையா மாமு? அது ஹராம்னு சொல்றாங்களே?" நல்ல கேள்வி. தஜஸ்ஸுஸ், அதாவது பிறர் அந்தரங்கத்தைத் துருவுவது, அதே ஸூராவில் தடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் தன் பொருளுக்குத் தான் காவல் வைப்பதும், வைத்திருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவதும் துருவலாகாது. அந்தக் காவலைச் சாக்காக வைத்துக்கொண்டு சிப்பந்தியின் குடும்பக் கடிதங்களைப் படிப்பதும், அவர் வீட்டுக் காமிராவைத் திறந்து பார்ப்பதும் வேறு விஷயம். அங்கே முதலாளியே வரம்பு மீறியவராகிறார். நம் பக்கத்திலும் ஒழுங்கு வேண்டும்: குடும்ப போட்டோவையும் நிக்காஹ் வீடியோவையும் கம்பெனி கம்ப்யூட்டரில் கொண்டுபோய் வைத்துவிட்டு, "என் அந்தரங்கம்" என்று வாதாடுவதில் பலம் குறைவு.

இனிக் கடினமான பகுதி. "தெரியவில்லை என்று சொல்லிவிடலாமா?"

ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பது சிறந்த குணம். அண்ணன் அதைத்தான் நினைத்தார். ஆனால் மறைக்கச் சொன்னது மானத்தைக் கெடுக்கும் குறையை. அடுத்தவர் பொருளுக்கு வந்த ஆபத்தின் வழியை மறைக்கும்படி எந்த ஆலிமும் சொன்னதாக நான் கேட்டதில்லை. "தெரியவில்லை" என்ற ஒரு சொல் என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். நிர்வாகி மின்னஞ்சல்களைத் தேடுவார். அந்த வாரம் கடிதம் அனுப்பிய வியாபாரிகளையெல்லாம் சந்தேகிப்பார். வேறு ஏதோ ஒரு சிப்பந்தி விசாரணைக்கு உள்ளாவார். உண்மையான வழியாகிய பென் டிரைவோ, தங்கையின் புத்தகப் பையில் சுகமாக இருக்கும். நாளைக்குத் தோழியின் கம்ப்யூட்டரில் ஏறும். தங்கைக்கு இரக்கம் காட்டப்போய் முகம் தெரியாத நாலு பேருக்குத் தீங்கு செய்ததாகும்.

பாதி உண்மை பேசினால் என்ன? நம் தமிழ்நாட்டிலேயே ஒரு படிப்பினை இருக்கிறது. 2019 அக்டோபர் கடைசியில், கூடங்குளம் அணுமின் நிலையத்துக்குள் வைரஸ் புகுந்துவிட்டதென்று பேச்சு எழுந்தது. 29ஆம் தேதி நிலையத்திலிருந்து அறிக்கை வந்தது: உலையை இயக்கும் கட்டுப்பாட்டு அமைப்பு தனித்து நிற்பது, வெளி வலையோடு இணையாதது, அதைத் தாக்க முடியாது என்று. கேட்டவர்கள் ஒன்றுமே நடக்கவில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் 30ஆம் தேதி, இந்திய அணுமின் கழகம் விஷயம் சரிதான் என்று ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைகளுக்காக இன்டர்நெட்டில் இணைந்திருந்த ஒருவருடைய கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்தது. கம்ப்யூட்டர் பாதுகாப்புக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு செப்டம்பர் 4 அன்றே அதைக் கண்டு தெரிவித்திருந்தது. அணு விஞ்ஞானத் துறையினர் ஆராய்ந்து, உலை சம்பந்தப்பட்ட வலைக்குப் பாதிப்பில்லை என்று கண்டார்கள். ஆக, முதல் நாள் சொன்ன வார்த்தையும் பொய்யன்று. ஆனால் ஜனங்களுக்கு வேண்டியிருந்தது அடுத்த நாள் சொன்ன வார்த்தை. இரண்டையும் ஒரே நாளில் சொல்லியிருந்தால், உலைக்கு ஆபத்தில்லை என்ற நல்ல செய்தியை மக்கள் நம்பியிருப்பார்கள் என்பது என் எண்ணம். பிந்தி வந்ததால் அந்த நல்ல செய்தியையும் சந்தேகித்தார்கள்.

ஆகவே அந்தத் தம்பியிடம் இப்படிச் சொன்னேன்: "தங்கச்சி பேரை எழுத வேண்டிய அவசியம் இல்லப்பா. என் வீட்டிலுள்ள ஒருவர் பென் டிரைவ் செருகினார், கம்ப்யூட்டரை நான் பூட்டாமல் போனேன், பொறுப்பு என்னுடையது என்று எழுது. எந்த நாள், எத்தனை மணி, திரையில் என்ன இருந்தது, அதற்கு முன் அந்த டிரைவ் எங்கே போய் வந்தது, எல்லாம் எழுது. டிரைவை அழிக்காதே. கேட்டால் கொடு." பெயரை மறைத்தும் உண்மையை முழுமையாகச் சொல்ல முடிகிறதே! ஷரீஅத் நம்மை அவ்வளவு நெருக்கடியில் விடுவதில்லை.

இதைப் படிக்கும் முதலாளிமாரும் இருப்பீர்கள். பில் போட ஒரு கம்ப்யூட்டராவது இல்லாத கடை இன்று பெரம்பலூர்க் கடைத்தெருவில் அபூர்வம். உங்களிடமும் சில கேள்விகள் உண்டு. தமிழ்வழியில் படித்த ஒரு பெண்ணைக் கல்லாவில் உட்கார வைக்கிறீர்கள். எச்சரிக்கை ஆங்கிலத்தில் வருகிறது. சிவப்பைக் கண்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறீர்களா? ஒட்டாமல், "ஏன் மூடினாய்?" என்று அவளைக் கேட்க உங்களுக்கு எவ்வளவு உரிமை? சென்ற முறை உண்மையைச் சொன்னவரைப் பத்துப் பேர் முன்னிலையில் வைதீர்களானால், இந்த முறை மூடியவருடைய குற்றத்தில் ஒரு பங்கு யாருடையது? 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவின்படி, வைரஸ் தாக்குதல் போன்ற சம்பவங்களை நிறுவனங்கள் தமக்குத் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்கு அறிவிக்க வேண்டும். முதலாளியும் ஒரு மணியைச் சுமந்துகொண்டு போக வேண்டியவர்தாம். சிப்பந்தி வாய் திறந்தால்தான் அவர் ஓட முடியும்.

தம்பி அன்று அஸருக்குப் பின் கடிதம் அனுப்பினார். அந்தக் கம்பெனி அவருக்கு எழுத்து மூலம் ஓர் எச்சரிக்கை கொடுத்தது; கம்ப்யூட்டரைக் கூரியரில் வாங்கிக்கொண்டு வேறொன்று அனுப்பியது. வேலை போகவில்லை. அடுத்த பதவி உயர்வில் இது எப்படிப் பேசும் என்று அவருக்குக் கவலை இருக்கிறது. அந்தக் கவலை நியாயமானதே. அது தீர என்னிடம் மருந்தில்லை.

பென் டிரைவ் அதற்கு முன் எங்கே போய் வந்தது என்று கம்பெனிக்காரர்கள் விடாமல் கேட்டார்களாம். ஒரு ஜெராக்ஸ் கடையில், அதே வாரத்தில், பிரிண்ட் எடுக்கச் செருகியிருக்கிறாள். அந்தக் கடையில் நாள்தோறும் எத்தனை பிள்ளைகள் செருகுகிறார்கள்! கடைக்காரரிடம் போய் யார் சொல்வது என்பதில்தான் இப்போது அண்ணனுக்கும் தங்கைக்கும் வழக்கு. ஆம்பிளை போய்ச் சொன்னால் சண்டைக்கு வந்ததாக நினைப்பார், நானே போகிறேன் என்கிறாள் அவள். சனிக்கிழமை அத்தாவோடு போவதாக ஏற்பாடு.